ஆலையும் நாழிகையும்

இன்று 'ஆலை' என்றதும் பஞ்சாலை, இரும்பாலை, சிமென்ட் ஆலை என்று பெரிய தொழிற்கூடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கரும்பை நசுக்கிச் சாறு பிழியும் பொறிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்ற பழமொழியில் வருவது அந்தப் பழைய ஆலைதான். சங்கப் புலவர்கள் அதை 'எந்திரம்' என்றும் சொன்னார்கள். ஐங்குறுநூற்றுப் பாடல் ஒன்றில் கரும்பு எந்திரத்தின் ஓசை யானையின் பிளிறலோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆக, எந்திரம் என்ற பொருளும் சொல்லும் தமிழர்களுக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழக்கம். ஏற்றம், செக்கு, தறி, குயவனின் சக்கரம் என்று விசையையும் சுழற்சியையும் பயன்படுத்திய கருவிகள் எல்லா ஊரிலும் இருந்தன. தொழில்மயமாக்கம் என்பது எந்திரங்களின் வருகை என்று மட்டும் சொன்னால், எப்போதோ வந்துவிட்ட ஒன்றைப் புதிதாக வந்தது என்று சொல்வதாகிவிடும். அப்படியானால் கடந்த 170 ஆண்டுகளில் உண்மையில் புதிதாக வந்தது என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருவாலங்காடு பொருத்தமான இடம். சென்னையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில், திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் அருகே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இங்கே உள்ள வடாரண்யேசுவரர் கோயிலில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் இறைவனின் திருவடிக்கீழ் வந்து அமர்ந்ததாகச் சொல்லப்படும் தலமும் இதுவே. இதே ஊர்ப் பகுதியில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையும் இந்தப் பக்கமாகத்தான் போடப்பட்டது. வடமேற்கே கொஞ்ச தூரத்தில் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று விசைத்தறிகள் நிறைந்த ஊர்கள். கோயில், ரயில், கரும்பு, தறி ஆகிய நான்கும் ஒரு நாள் சுற்றளவுக்குள் அடங்கிய நிலப்பரப்பு இது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. புதிய எந்திரம் முதன்மையாக மாற்றியது உடலுழைப்பின் அளவை என்று நாம் நம்புகிறோம். அதைவிட ஆழமாக அது மாற்றியது வேறொன்று: வேலை எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது. இந்த அத்தியாயம் அந்த ஒரு கருத்தைத்தான் சான்றுகளோடு வாதிடப் போகிறது.

முதலில் எந்திரத்துக்கு முந்தைய காலக்கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தார்கள். ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். அடியில் நுண்ணிய துளையுள்ள வட்டிலைக் கொண்டு நீரின் அளவால் நாழிகையை அறிந்தார்கள். நம் முன்னோருக்கு நேரத்தை நுட்பமாக அளக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த அளவு வேண்டியிருந்த இடங்கள் சில மட்டுமே: அரண்மனை, கோயில், முகூர்த்தம், சாதகம். சூரிய உதயத்திலிருந்தே நாழிகையை எண்ணினார்கள். எனவே ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் உதயம், அதனதன் நாழிகை. உழவும் நெசவும் இந்த அளவுக்குள் வரவே இல்லை. ராஜேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கியதைப் பதிவு செய்யும் செப்பேடுகள் 31 இதழ்கள் கொண்டவை. அரசர் பரம்பரையும் நில எல்லையும் உரிமைகளும் அவற்றில் விரிவாக இருக்கின்றன. சோழர் கால ஆவணங்கள் தறிக்கு இறை, செக்குக்கு இறை என்று தொழிற்கருவிகளின் மேல் விதித்த வரிகளைக் குறிக்கின்றன. அரசு கருவியை எண்ணியது, விளைச்சலை அளந்தது. அந்தத் தறியில் ஒருவர் எத்தனை நாழிகை உட்கார்ந்தார் என்று எண்ணும் தேவை அதற்கு எழவில்லை.

இந்த நிலப்பரப்பில் அந்தத் தேவையை முதலில் கொண்டுவந்தது ரயில். 1856 ஜூலை 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோட்டுக்கு, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பயணிகள் போக்குவரத்து தொடங்கியது. ஏறக்குறைய 100 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதை திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் சென்றது. மாட்டு வண்டி மணிக்கு 3 அல்லது 4 கி.மீ. போகும். மாடு களைக்கும், தண்ணீர் காட்ட வேண்டும், இரவில் சத்திரத்தில் தங்க வேண்டும். திருவாலங்காட்டிலிருந்து சென்னைப்பட்டினம் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளை ரயில் சில மணி நேரமாகச் சுருக்கியது. இந்த வேகத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வேகத்தோடு வந்த ஒரு நிபந்தனையைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். வண்டி, பயணிக்காகக் காத்திருக்கும். ரயில் காத்திருக்காது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரக்கூடாது என்றால், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே நேரத்தைக் காட்டும் கடிகாரம் இருந்தாக வேண்டும். காலந்தவறாமை இங்கே ஒழுக்கத்தின் பேரால் வரவில்லை. மோதலைத் தவிர்க்கும் பொறியியல் தேவையாக வந்தது.

இதன் அடுத்த படி இன்னும் நுட்பமானது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் திருவாலங்காட்டுக்கும் இடையே தீர்க்கரேகையில் ஏறக்குறைய அரைப் பாகை வித்தியாசம். எனவே சென்னையில் உச்சிப்பொழுது ஆகி ஏறக்குறைய 2 நிமிடம் கழித்துத்தான் திருவாலங்காட்டில் உச்சிப்பொழுது. நாழிகைக் கணக்கில் இது யாருக்கும் பொருட்டில்லை. ஆனால் சென்னைக்கும் பம்பாய்க்கும் இடையே அரை மணி நேர வித்தியாசம், கல்கத்தாவோடு இன்னும் சற்று அதிகம். ஒவ்வோர் ஊரும் தன் உச்சிப்பொழுதை வைத்துக்கொண்டால் ரயில் அட்டவணை போடவே முடியாது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் சென்னை இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகமும் இருந்தது. அந்த ஆய்வகம் கணித்த 'மெட்ராஸ் நேரம்' தந்திக் கம்பி வழியே நிலையங்களுக்குப் போய் இந்திய ரயில்களின் பொது நேரமாயிற்று. அது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி முன்னால் இருக்கும் இந்திய நேரம் வந்தது. கதிரவன் தலைக்கு மேலே வருவதும் கடிகாரம் 12 காட்டுவதும் தனித்தனிச் செய்திகளாயின. நேரம் வானத்திலிருந்து பிரிந்து ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரு கிராமத்தின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மாற்றம் அரிது. ஆனாலும் யாருடைய முதுகிலிருந்தும் ஒரு மூட்டைகூட இதனால் இறங்கவில்லை.

ரயில் போக்குவரத்துக்குச் செய்ததை ஆலை உற்பத்திக்குச் செய்தது. பழைய கரும்பாலையை மாடுகள் சுற்றின. 1870களில் பிகாரின் பீகியாவில் தாம்சன், மில்ன் என்ற இருவர் உருவாக்கிய இரும்பு உருளை ஆலை மரத்துக்கும் கல்லுக்கும் பதிலாக நாடெங்கும் பரவியது. சாறு கூடுதலாகக் கிடைத்தது, உழைப்பு குறைந்தது. வாழ்க்கை முறை பெரிதாக மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாடு அதே மாடு, கொப்பரை அதே கொப்பரை. இன்று எவ்வளவு ஆட்ட முடியுமோ அவ்வளவு கரும்பை இன்று காலையில் வெட்டினால் போதும். சாறு புளிக்கும் முன் காய்ச்ச வேண்டும் என்ற அவசரம் உண்டு. பாகு பதம் தவறாமல் பார்க்க இரவு விழித்திருக்க வேண்டியும் இருக்கும். ஆனால் அந்த அவசரம் ஒரு குடும்பத்தின் அளவில் இருந்தது. வீட்டில் ஒரு சாவோ திருமணமோ வந்தால் ஆலையை நாலு நாள் நிறுத்திவைக்கலாம். கரும்பு வயலில் நிற்கும், நஷ்டம் கொஞ்சம்தான். எந்திரம் இருந்தும் நேரம் வேலை செய்பவர் கையிலேயே இருந்த நிலை இது. எந்திரம் வந்தாலே கடிகாரமும் வந்துவிடும் என்ற எண்ணத்தை இந்த ஒரு சான்றே மறுக்கிறது.

சர்க்கரை ஆலையில் கதை வேறு. கரும்பின் தண்டில் சேர்ந்திருப்பது சுக்ரோஸ் என்ற சர்க்கரை. வெட்டிய நொடியிலிருந்து கரும்புக்குள் இருக்கும் நொதிகள் அதைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கத் தொடங்குகின்றன. இந்த இரண்டும் இனிக்கும், ஆனால் எளிதில் படிகமாகாது. மேலும் அவை சுக்ரோஸ் படிகமாவதையும் கெடுக்கும். வெட்டுவாய் வழியே நுழையும் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான பொருளைச் சுரந்து சாற்றைக் கொழகொழப்பாக்குகின்றன. வெயிலில் கரும்பு காய்ந்து எடையும் குறைகிறது. எனவே வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடுவதே நல்லது. 100 கிலோ கரும்பிலிருந்து 9, 10 கிலோ சர்க்கரை எடுக்கும் ஆலைக்கு அரைக் கிலோ இழப்பும் பெரிய இழப்பு. வெல்லம் காய்ச்சுபவரும் இதே கரும்பைத்தான் கையாண்டார். ஆனால் வெல்லத்தில் எல்லாச் சர்க்கரையும் சேர்ந்தே கட்டியாகிவிடும். வெள்ளைப் படிகம் வேண்டும் என்றதும் மணிக்கணக்கு கறாராகிறது.

அடுத்தது வெப்பம். திறந்த கொப்பரையில் சாற்றைக் காய்ச்சும்போது எழும் ஆவி காற்றில் கலந்து வீணாகிறது. அமெரிக்காவின் லூசியானாவில், கறுப்பின அடிமை மரபில் வந்த தாய்க்குப் பிறந்த நார்பர்ட் ரில்யூ என்ற பொறியாளர் 1840களில் இதற்கு வழி கண்டார். மூடிய கலங்களை வரிசையாக வைத்து, முதல் கலத்தின் ஆவியைக் கொண்டே இரண்டாவதையும், அதன் ஆவியால் மூன்றாவதையும் சூடாக்கினார். ஒவ்வொரு கலத்திலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் சாறு குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஒரே நெருப்பு பல முறை வேலை செய்யும். இன்றும் உலகின் சர்க்கரை ஆலைகள் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. எரிபொருளாகப் பெரும்பாலும் பிழிந்த கரும்புச் சக்கையே போதும். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. கலங்கள் ஒன்றையொன்று சார்ந்து ஒரு சமநிலையில் இருக்கின்றன. அரைவை நின்றால் சக்கை நிற்கும், சக்கை நின்றால் நீராவி குறையும், நீராவி குறைந்தால் பாதி காய்ந்த சாறு கலங்களிலேயே கெடும். எனவே அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால் ஆலை இரவும் பகலும் ஓடியாக வேண்டும். அந்த இடைவிடாத பசிக்கு ஆயிரக்கணக்கான டன் கரும்பு வரிசை தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் ஆலையின் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு வயலுக்கும் நட்ட தேதி பதிவாகிறது, முதிர்ச்சி கணிக்கப்படுகிறது, வெட்டு உத்தரவு வருகிறது. கரும்பு தன்னுடையது, நிலம் தன்னுடையது. அதில் அரிவாள் படும் நாள் மட்டும் விவசாயியினுடையது இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நேரத்தை நிர்ணயிப்பது கரும்பின் உயிர்வேதியியலும் வெப்ப இயற்பியலும்தானே, அதை உரிமைப் பிரச்சினை என்று ஏன் சொல்ல வேண்டும், இயற்கை விதியோடு யார் பேரம் பேச முடியும் என்று கேட்கலாம். 24 மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும் என்பது இயற்கை விதி என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வாரம் எந்த வயலை வெட்டுவது, மழையில் லாரி சிக்கினால் காய்ந்த எடைக்கு யார் பொறுப்பு, எடை மேடையில் வரிசை நீண்டால் அந்தக் காத்திருப்புக்கு விலை உண்டா, இரவு ஷிப்டில் நிற்பவருக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு ஆகியவை எந்த நொதியிலும் எழுதப்பட்டவை அல்ல. அவை மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். எந்திரத்தின் தேவையும் மனிதரின் முடிவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், இரண்டாவதையும் முதலாவதைப் போலவே மாற்ற முடியாதது என்று நம்பிவிடுகிறோம். தொழில்மயமாக்கத்தைப் புரிந்துகொள்வதில் நாம் செய்யும் பெரிய பிழை இதுதான்.

எந்திரத்தையும் நேரத்தையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டு நெசவு வரலாற்றில் ஏறக்குறைய ஓர் ஆய்வகச் சோதனைக்கு நிகரான சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் கண்டுபிடித்த விசை நாடா, கையால் நாடாவை இங்குமங்கும் எறியும் வேலையைக் கயிற்றை இழுக்கும் வேலையாக மாற்றியது. ஒருவர் நெய்யும் துணியின் அளவு வெகுவாகக் கூடியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாண அரசின் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் ஒரு கைத்தறி நெசவுச்சாலையை நடத்தினார். மேம்பட்ட தறிகளை ஒரே கூரையின் கீழ் வைத்து, நெசவாளர்களை அங்கே வரவழைத்துக் கூலிக்கு நெய்ய வைப்பது திட்டம். நெசவாளர்கள் சாலையின் ஒழுங்குக்குள் அடங்க விரும்பவில்லை. வீட்டில், மனைவி மக்கள் நூல் சுற்றித்தர, தம் விருப்பப்படி நெய்வதையே விரும்பினார்கள். 1910இல் லண்டனிலிருந்த இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு, அரசே தொழில் நடத்துவதற்கு எதிராக முடிவெடுக்க, சேலம் நெசவுச்சாலையும் மூடப்பட்டது. ஆனால் அதே விசை நாடா அடுத்த முப்பது ஆண்டுகளில் மாகாணத்தின் பெரும்பாலான கைத்தறிகளில் ஏறிவிட்டது. நெசவாளர்கள் எந்திரத்தை மறுக்கவில்லை. அதை வீட்டுக்குள் விட்டார்கள், கூடவே வந்த மணியை வாசலிலேயே நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் புதுமைக்கு எதிரிகள், அறியாமையால் எந்திரத்தை எதிர்ப்பவர்கள் என்ற பழிச்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை.

எந்திரத்தால் நேரம் மிச்சமானதே கிடையாதா என்று அடுத்துக் கேட்கலாம். நிச்சயமாக உண்டு, அதிகமும் பெண்களுக்கு. உரலும் உலக்கையும் கொண்டு நெல் குத்துவது, ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவது, கிணற்றில் நீர் இறைப்பது ஆகியவை ஒரு பெண்ணின் நாளில் பல மணி நேரத்தை விழுங்கின. நெல் அரைவை ஆலை முதல் வேலையை எடுத்துக்கொண்டது. 1950களில் கோவையில் பிறந்த மின் கிரைண்டர் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. 2011 முதல் தமிழ்நாடு அரசு மிக்சியையும் கிரைண்டரையும் மின்விசிறியையும் விலையில்லாமல் குடும்பங்களுக்குக் கொடுத்தபோது, அதை வெறும் சலுகை என்று இகழ்ந்தவர்கள் உண்டு. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது திருப்பித் தந்த நேரத்தின் அருமை தெரியும். ஆனால் கிரைண்டருக்கும் நெல் ஆலைக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. கிரைண்டரின் பொத்தான் அரைப்பவர் கையிலேயே இருக்கிறது. மிச்சமான நேரமும் அவரிடமே தங்குகிறது. நெல் ஆலையோ சொந்த நெல்லை அரைக்கக் கொடுத்த வீட்டுக்கு நேரத்தைத் தந்தது, அந்த வீட்டுக்குக் கூலிக்கு நெல் குத்திக் குறுநொய்யும் தவிடும் பெற்றுப் பிழைத்த ஏழைப் பெண்ணின் வேலையைப் பறித்தது. அவளுக்குக் கிடைத்தது ஓய்வு இல்லை, வேலையின்மை. ஒரே எந்திரம், ஒரே அளவு உழைப்பைக் குறைத்தது, ஆனால் இரண்டு பெண்களுக்கு நேர்மாறான விளைவு. உழைப்பு எவ்வளவு குறைந்தது என்ற கணக்கை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே படாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இனிமேல்தான். எந்திரத்துக்கு முன் உழைப்பவர் கையில் நேரம் இருந்தது என்று சொல்வது, நிலமுள்ளவரையும் சொந்தத் தறி உள்ளவரையும் மட்டும் மனிதராக எண்ணிச் சொல்வது ஆகாதா? படியாளுக்கும் பண்ணையாளுக்கும் எந்த நாழிகை சொந்தமாக இருந்தது? விடியுமுன் கூப்பிட்டால் போக வேண்டும், இருட்டிய பின்னும் விடாவிட்டால் நிற்க வேண்டும். கடன் தலைமுறை தாண்டும், சாதி ஊர் எல்லைவரை துரத்தும். இந்த மறுப்பு முழுக்க உண்மை. ரயில் ஏறிப் பட்டணம் போய் ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் பலருக்கு, அந்தச் சங்கு ஆண்டையின் குரலைவிட மேலானதாகவே இருந்தது. சங்குக்குச் சாதி தெரியாது. அது ஊதி முடித்த பிறகு மறுநாள் காலைவரை யாரும் கூப்பிட முடியாது. எனவே பழைய காலத்தைப் பொற்காலமாக்கும் எந்த வாதமும் நிற்காது. என் வாதத்துக்கும் அந்தப் பொற்காலம் தேவையில்லை. இந்த மறுப்பு அதை முறிப்பதற்குப் பதிலாக ஒரு படி மேலே எடுத்துச் செல்கிறது. எண்ணப்படாத நேரத்தைப் பற்றி யாரும் பேரம் பேச முடியாது. எட்டு மணி நேரம் போதும் என்று படியாள் சொல்ல முடியாமல் போனதற்குப் பயம் ஒரு காரணம். அந்தக் கோரிக்கையைச் சொல்லும் அளவுகோலே ஊரில் இல்லாதது இன்னொரு காரணம். கடிகாரம் முதலாளிக்குச் சாட்டையாக வந்தது, உண்மை. அதே கடிகாரம் தொழிலாளிக்கு முழக்கோலாகவும் ஆனது.

அந்த முழக்கோலை முதலில் கையிலெடுத்தவர்களில் சென்னை பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் முன்னணியில் நிற்கிறார்கள். 1918 ஏப்ரல் 27இல் பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு முதலியோரின் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. மதிய உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதன்மையான முறையீடுகளில் ஒன்று. ஒரு பெரிய தொழிற்சங்க வரலாறு சில நிமிடங்களைப் பற்றிய வழக்கில் தொடங்கியதில் வியப்பு இல்லை. அந்த நிமிடங்களில்தான் ஒருவர் கை கழுவி, உட்கார்ந்து, சோற்றை மென்று விழுங்க வேண்டும். 1923 மே 1இல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை நாளுக்காக உலகெங்கும் எழுந்த நாள் அது. சட்டமும் மெல்ல மெல்ல எண்களாக மாறியது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலை நாளுக்கு 12 மணி நேரம் என்று வரம்பிட்டது. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 48 மணி. இந்த எண்கள் இறங்கிய காலத்தில் ஆலை எந்திரங்கள் மேலும் வேகமாகத்தான் ஓடின. வேலை நேரம் எந்திரத்தின் இயல்பிலிருந்து பிறப்பதில்லை, மனிதர்கள் வாதாடி வகுப்பது என்பதற்கு இதுவே நிரூபணம்.

இதே அளவுகோலைக் கொண்டு திருத்தணி வட்டாரத்தை மறுபடி பார்த்தால், எங்கே இன்னும் காயம் ஆறவில்லை என்று தெரிகிறது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனால் எல்லைக்கோடு தறிகளைப் பிரிக்கவில்லை. அந்தப் பக்கம் நகரி, ஏகாம்பரகுப்பம், இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று ஒரே ஓசை தொடர்கிறது. கைத்தறி நின்ற வீட்டில் இப்போது விசைத்தறி நிற்கிறது. சேலத்து நெசவாளர்கள் நெசவுச்சாலைக்குப் போக மறுத்ததற்குக் காரணமான அந்த வீட்டுத் திண்ணை இன்றும் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. கைத்தறி நெய்பவரின் மூச்சுக்கு ஏற்ப நடந்தது, அவர் எழுந்தால் நின்றது. விசைத்தறி மின்சாரத்தின் கதியில் நடக்கிறது. ஒருவர் பல தறிகளைப் பார்த்துக்கொண்டு, அறுந்த பாவு இழையை முடிந்து, ஊடை தீர்ந்த நாடாவை மாற்றி, அதிர்விலும் இரைச்சலிலும் நாளின் பாதியைக் கழிக்கிறார். பாவையும் நூலையும் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்பவர் நெய்த அளவுக்குத்தான் கூலி தருகிறார். எத்தனை மணி நேரம் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தொழிற்சாலையின் வேகம் வீட்டுக்குள் வந்துவிட்டது, தொழிற்சாலைச் சட்டம் படியேறவில்லை. வயலிலும் இதே நிலை. ஏற்றமும் கவலையும் போய் மின்மோட்டார் வந்தது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் கட்டணமில்லாததாயிற்று. கரும்பும் நெல்லும் கிணற்றுப் பாசனத்தில் செழிக்க அது உதவியது. ஆனால் மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறைவைத்து வந்த காலமெல்லாம், கரன்ட் வரும் நேரமே விவசாயியின் விடியலாக இருந்தது. நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்தவரின் வேலை நேரத்தை எண்ண எந்தச் சட்டமும் இல்லை. மாட்டின் முதுகிலிருந்து சுமை இறங்கியது, மனிதரின் தூக்கத்தின் மேல் ஏறியது.

எனவே எந்திரமா மனிதமா என்ற பழைய பட்டிமன்றத் தலைப்பு நம்மைத் தவறான இடத்தில் நிறுத்துகிறது. திருவாலங்காட்டைச் சுற்றிக் கிடைக்கும் சான்றுகள் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன. எந்திரம் வேலை செய்பவர் கையிலேயே இருக்கும்போது, விசை நாடாவும் கிரைண்டரும் போல, அது நேரத்தைத் தருகிறது. எந்திரம் பிறர் கையில் இருந்தாலும் மணிநேரம் எண்ணப்பட்டால், பேரமும் சட்டமும் சங்கமும் சாத்தியமாகின்றன. எந்திரத்தின் வேகம் வந்து, நேரத்தின் கணக்கு வராதபோதுதான் படியாளின் பழைய நிலை புதிய உருவில் திரும்புகிறது. இன்று கைபேசியின் அழைப்புக்காக இரவு பகலாகக் காத்திருந்து உணவையும் பொருளையும் வீடுவீடாகக் கொண்டுசெல்லும் இளைஞர்களின் வேலையும் இந்த மூன்றாம் நிலையைச் சேர்ந்ததே. அவர் கையில் இருப்பது மிக நவீனமான எந்திரம். ஒவ்வொரு டெலிவரிக்கும் நொடிக்கணக்கு இருக்கிறது. அவர் சாலையோரம் காத்திருந்த நேரத்துக்குக் கணக்கே இல்லை.

முடிவான தீர்வு எங்கும் கண்டுபிடிக்கப்பட்டுவிடவில்லை. ஆனால் தேடலின் திசை தெரிகிறது. 2023 ஏப்ரலில் ஒரு நாளில் 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாத் தரப்புத் தொழிற்சங்கங்களும் எதிர்க்க, அது திரும்பப் பெறப்படுவதாக மே 1 அன்றே முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து, அதே சென்னையில், அதே எட்டு மணி நேரத்துக்கான வழக்கு மறுபடி பேசப்பட்டது. இந்த வழக்கு முடிந்துபோன வரலாறு இல்லை என்பதை அது காட்டியது. கரும்பிலும் இன்னொரு வாசல் ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. கூட்டுறவு ஆலை என்பதன் பொருள், கரும்பு போடுபவரே ஆலையின் உறுப்பினர் என்பது. வெட்டு உத்தரவுக்காகக் காத்திருப்பவரும் அந்த உத்தரவை வகுக்கும் அமைப்பின் பங்குதாரரும் ஒருவரே என்று சட்டம் சொல்கிறது. நொதிகள் தரும் 24 மணி நேரத்தை எந்த உறுப்பினர் கூட்டமும் நீட்டிக்க முடியாது. அந்த 24 மணி நேரத்தின் சுமையும் காத்திருப்பும் யார்மேல் விழ வேண்டும் என்பதைக் கூட்டம் தீர்மானிக்கலாம். பழைய கரும்பாலை மாடு நின்றால் நின்றது, மாட்டை நிறுத்தும் உரிமை ஆட்டுபவரிடம் இருந்தது. இன்றைய ஆலை அப்படி நிற்காது, நிற்கவும் வேண்டியதில்லை. அது ஓடும் நேரத்தை வகுக்கும் கூட்டத்தில் கரும்பு வெட்டுபவருக்கும் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கும் ஒரு நாற்காலி இருந்தால் போதும். புதிதாக ஓர் எந்திரம் ஊருக்குள் வரும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது அந்த நாற்காலியைத்தான்.